மலை வீட்டுக்கு வரும் காட்டு விலங்குகளோடு வாழ்வது எப்படி: கோத்தகிரியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த முதல் நவம்பர். காலை ஆறு மணி, எதிரே இருக்கும் கேட் கூடத் தெரியாத மூடுபனி. பால் எடுக்கக் கதவைத் திறந்தால் படிக்கட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு பாறை. நேற்று இங்கே பாறை இல்லையே என்று யோசிப்பதற்குள் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. காட்டெருமை. நான் ஆசை ஆசையாக வளர்த்த புல்தரையை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. நான் செய்த முதல் முட்டாள்தனம், செல்போனை எடுத்துக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கியது. அது ஒரே ஒரு முறை மூக்கால் சீறியது. அவ்வளவுதான், நான் எப்படி உள்ளே வந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

அன்று மதியம் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) அக்காவிடம் இதைப் பெரிய வீரக்கதை மாதிரிச் சொன்னேன். அவர்களுடைய தேயிலை என் வேலிக்கு அந்தப் பக்கம்தான். கேட்டுவிட்டு, "அது உங்க வீட்டுக்கு வரல தம்பி, புல்லுக்கு வந்துச்சு" என்றார். இந்த ஒரு வரியை அப்போதே புரிந்துகொண்டிருந்தால் இரண்டு வருடச் செலவு மிச்சமாகியிருக்கும். விலங்கு வருவதற்கு உங்கள் வீட்டில் ஏதோ ஒரு பொருள் காரணமாக இருக்கிறது. புல், எண்ணெய், பேரிக்காய், நாய், குப்பை, படுக்க ஒரு புதர், இப்படி ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் இந்த வழிகாட்டி முழுக்க. விலங்கை மாற்ற முடியாது, நானும் முயன்று பார்த்தேன்.

இங்கே எழுதுவது நீலகிரியின் மேல்பகுதிக்கு, அதாவது கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். கூடலூர், பந்தலூர், வால்பாறையில் இருப்பவர்களுக்கு யானைதான் முதல் கவலை. அதற்குத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு மாதம் வெறுமனே பாருங்கள்

வேலி போடுவதற்கு முன், லைட் வாங்குவதற்கு முன், ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எது வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது, எதைத் தின்றது. ராத்திரியிலும் தெரிகிற சிசிடிவி கேமரா ஒன்று இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலையில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் மண்ணே எல்லாவற்றையும் சொல்லும்.

மாட்டுக் குளம்பு மாதிரியே, ஆனால் பெரிதாக இருந்தால் காட்டெருமை, சாணியும் மாட்டுச் சாணி போலத்தான் இருக்கும். (காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம். காட்டுமாடு என்பதுதான் சரி. ஆனால் ஊரே அப்படிச் சொல்லும்போது நான் மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது.) நாய்த் தடத்தில் நக நுனி பதிந்திருக்கும், சிறுத்தைத் தடத்தில் பதியாது, அது நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். கரடியின் பின்னங்கால் தடம் மனுஷக் காலை நினைவுபடுத்தும், முன்னங்கால் தடத்தில் விரல்களுக்கு வெகு முன்னே நகக் குறிகள் தள்ளித் தெரியும். தரையை ஏர் ஓட்டிய மாதிரிக் கிளறிப் போட்டிருந்தால் காட்டுப்பன்றி. கிழங்கைத் தோண்டித் தின்று ஒரு முள்ளையும் போட்டுவிட்டுப் போயிருந்தால் முள்ளம்பன்றி, அதற்குத் துப்பறிய வேண்டியதே இல்லை.

காதையும் பழக்குங்கள். இருட்டியபின் சோலைப் பக்கம் நாய் குரைப்பது போல ஒற்றை ஒற்றையாக விட்டுவிட்டு ஒரு சத்தம் வரும். அது கேளையாடு, குரைக்கும் மான் என்றும் சொல்வார்கள். ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்துதான் அப்படிக் கத்துகிறது, பெரும்பாலும் சிறுத்தையாக இருக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு குப்பை போட வெளியே போக வேண்டாம்.

என் நோட்டில் ஒரு மாதத்தில் தெரிந்தது இது. குப்பை வண்டி வருவதற்கு முந்தின ராத்திரிகளில் மட்டும் காட்டுப்பன்றி வந்தது. காட்டெருமைகள் எப்போதும் மனையின் கீழ் மூலையில் நுழைந்து ஓடைப் பக்கம் இறங்கின. விசாரித்தால், வீடு வருவதற்கு முன்பிருந்தே அது அவற்றின் தடமாம். இடம் விற்றவர் அதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு வருகின்றன என்று கேட்பவர்களுக்கு: சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்), அப்புறம் பங்களா. மிச்சமிருக்கும் காட்டிலும் உண்ணிச்செடி (லாண்டானா) புகுந்து புல்லை மூடிவிட்டது. சின்ன வயதில் காட்டெருமை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கமே போதும்.

இரண்டாவது: குப்பை

இதைச் சரி செய்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது, எனக்கு அப்படித்தான் முடிந்தது. சமையலறைக் கழிவைத் தோட்டத்தில் குழி வெட்டிப் போடும் பழக்கத்தை விடுங்கள். சாதம், பழத்தோல், எலும்பு எல்லாம் சேர்ந்து புளிக்கும் வாசனை மூக்கை வைத்தே வாழும் பன்றிக்கும் கரடிக்கும் பத்திரிகை வைத்து அழைப்பது மாதிரி. மக்கிய குழியில் மண்புழு பெருகும், பன்றி அதற்கும் வரும்.

உரம் போடுவதென்றால் கொக்கி போட்டுப் பூட்டும் மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். டிரம் உருளாமல் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே காய்ந்த இலையோ மண்ணோ ஒரு கை போட்டால் வாசனை அடங்கும். கறி, மீன், எலும்பு அதில் சேரக் கூடாது. வண்டிக்குக் கொடுக்கும் குப்பையை அன்று காலையில்தான் வெளியே வைக்க வேண்டும், முந்தின ராத்திரி இல்லை. பிளாஸ்டிக் பைக்கு நீலகிரியில் தடை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மசாலா ஒட்டிய பாக்கெட்டைப் பையோடு சேர்த்து விழுங்கும் மாடுகளையும் கடமான்களையும் இங்கே பார்க்கலாம். அந்தப் பாக்கெட்டுகளைக் கழுவி, உலர்த்தி, வீட்டுக்குள் வைத்திருந்து கொடுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மூன்றாவது: எண்ணெய், சர்க்கரை, சமையலறைக் கதவு

இது முழுக்கக் கரடிக்காக. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி உடைத்த கதவுகளை எண்ணிப் பாருங்கள்: கோயில், அங்கன்வாடி, ரேஷன் கடை, தேயிலைத் தொழிற்சாலை கேன்டீன். எல்லாம் எண்ணெயும் சர்க்கரையும் இருக்கும் இடங்கள். கோயிலில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதற்காகவே வரும். கரையான், எறும்பு, தேன், பழம் என்று காட்டில் நாள் முழுக்கத் தேடினால் கிடைக்கும் சத்து இங்கே ஒரே டின்னில் கிடைத்துவிடுகிறது, அது ஏன் விடப்போகிறது?

கரடிக்குக் கண் மந்தம், மூக்கு மிகக் கூர்மை. அதனால் வாசனையை அடைப்பதுதான் வழி. எண்ணெய், நெய், வெல்லம், சர்க்கரை எல்லாம் இறுக்கி மூடும் எவர்சில்வர் டிரம்மில் வையுங்கள், பிளாஸ்டிக் கேனில் வேண்டாம். பலகாரம் சுட்ட எண்ணெயைப் பின்வாசலில் ஊற்றாதீர்கள். இதை மாமியார் வீட்டார் முன்னால் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை, ஆனால் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் பின்கதவில் ஐந்து நகக் கீறல் இருந்தது, அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாசல் மாடத்தில் விளக்கு ஏற்றுபவர்கள் படுக்கும் முன் மிச்ச எண்ணெயை உள்ளே எடுத்துவிடுங்கள்.

சமையலறைப் பின்கதவு வெறும் பலகைக் கதவாக இருந்தால் அது கதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் இரும்பு கிரில் கதவு ஒன்று போடுங்கள், தாழ்ப்பாள் உள்ளே இருக்கட்டும். தரைத்தள ஜன்னல்களுக்கும் கம்பி வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் குவித்துவைத்த விறகும் பழைய மரச்சட்டங்களும் மழையில் ஊறிக் கரையான் பிடித்தால் அதுவும் கரடிக்குச் சாப்பாடுதான். விறகைத் தரையிலிருந்து ஓரடி தூக்கி, ஷெட்டுக்குள் அடுக்குங்கள்.

நான்காவது: தோட்டம்

பேரிக்காய் மரம் இருக்கிறதா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்களுக்கு வேலை இருக்கிறது. கரடி பழுத்த காயின் வாசனைக்கு வந்து மரத்திலேயே ஏறிக் கிளையை முறித்துவிட்டுப் போகும். முழுக்கப் பழுக்க விடாமல் கொஞ்சம் முன்னதாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். கீழே விழுந்ததைத் தினமும் மாலைக்குள் பொறுக்குங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிளம்ஸ், பீச், கொய்யாவுக்கும் இதேதான். உயரம் குறைந்த பக்கம் இருப்பவர்களுக்குப் பலா. மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை வட்டாரத்தில் பலாச் சீசன் வந்தால் யானைக்கூட்டம் ரோட்டுக்கே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பலா மரத்தடியில் வீடு வைத்திருப்பவர்கள் பிஞ்சிலேயே வெட்டிவிடுவதுதான் உத்தமம்.

புல்தரை விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. மலைக்கு வரும் எல்லோருக்கும் பச்சைப் புல்தரை மேல் ஒரு மோகம். நாம் தண்ணீர் விட்டு வளர்க்கும் கிக்குயு புல், வெளியே எல்லாம் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் பச்சையாக இருக்கும். காட்டெருமைக்கு வேறு என்ன வேண்டும்? நான் வீட்டு வாசலை ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டுக் கல் பாவினேன், மனையின் கீழ் மூலையில், அவற்றின் தடத்தை ஒட்டி இருந்த புல்லை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அவை அங்கேயே மேய்ந்துவிட்டு இறங்கிப் போகின்றன. ஜன்னலிலிருந்து பார்க்கிறோம்.

காய்கறி போடுபவர்கள் கேரட், முட்டைக்கோஸ் பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், நஷ்டமானால் பாத்தியோடு போகட்டும், கதவு வரைக்கும் வர வேண்டாம். ரோஸ்மேரி, ஜெரேனியம் போன்ற வாசனைச் செடிகளை என் தோட்டத்தில் இதுவரை எதுவும் தொட்டதில்லை. வாசலுக்கு அவைதான் வைத்திருக்கிறேன்.

விருந்தினர்கள் பார்க்க வேண்டும் என்று உப்புக்கட்டி, பழம், மிச்சச் சாப்பாடு வைக்கும் தங்கும் விடுதிகளைப் பற்றி நான் மரியாதையாக எழுத முடியாது. அவர்கள் பழக்கிவிடும் பன்றியும் காட்டெருமையும் அந்த விடுதியோடு நின்றுவிடுவதில்லை, மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நடக்கும் பாதையில் நிற்கும்.

ஐந்தாவது: வேலி, எங்கே வேண்டும் எங்கே வேண்டாம்

நான் முதலில் மனை முழுக்கச் சுற்றி முள்கம்பி போட்டேன். மூன்றே வாரத்தில் கீழ் மூலையைக் காட்டெருமை பிய்த்துக்கொண்டு போனது, கம்பியில் ரத்தமும் முடியும். நன்றாக வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை வரும், தோள் உயரம் நம் தலைக்கு மேல். அதற்கு முள்கம்பி ஒரு தடையே இல்லை, காயம் மட்டும்தான். காயம்பட்ட காட்டெருமை காயமில்லாததைவிடப் பலமடங்கு ஆபத்து. பிளேடு வைத்த சுருள் கம்பி இன்னும் மோசம்.

இப்போது தடம் போகும் மூலையைத் திறந்தே விட்டிருக்கிறேன். வீட்டையும் காய்கறிப் பாத்தியையும் மட்டும் சுற்றி வேலி. சின்ன இடத்துக்கு நல்ல வேலி போடுவது, பெரிய இடத்துக்கு மோசமான வேலி போடுவதைவிடச் செலவும் குறைவு.

சூரிய மின்வேலி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது விட்டுவிட்டுத் துடிப்பாக வரும் மின்சாரத்தில் இயங்கும் முறையான கருவியாக இருக்க வேண்டும். 2023-இல் வந்த தமிழ்நாடு அரசின் விதிகளின்படி வனத்துறையிடம் பதிவும் செய்ய வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் தரைக்கு இறங்கி வேலி செத்துவிடும், அதனால் வாரம் ஒரு முறை அடியில் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். அதில் யானை மட்டும் சாவதில்லை, சொந்த வீட்டு ஆட்களும் செத்திருக்கிறார்கள்.

பன்றிக்கென்று வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுவது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. உங்கள் நிலத்தில் வேலைக்கு வருபவர் யாராவது வைத்திருக்கிறாரா என்று வேலியோரம் நடந்து பாருங்கள். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுத்தை, கரடி, காட்டெருமை மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

கழிவுநீர்த் தொட்டி, திறந்த கிணறு, கட்டி முடிக்காத தண்ணீர்த் தொட்டி இவற்றைக் கான்கிரீட் பலகையால் மூடுங்கள். தகரத்தின் மேல் காட்டெருமை கால் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஜேசிபி வைத்து எடுக்க ஒரு நாள் போகும்.

ஆறாவது: புதர், வெளிச்சம், நடை

வீட்டைச் சுற்றி இருபது இருபத்தைந்து அடிக்குப் புதர் இருக்கக் கூடாது. உண்ணிச்செடிப் புதர் சிறுத்தைக்கும் பன்றிக்கும் பகலில் படுக்க நல்ல இடம். வேரோடு எடுங்கள், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வாசல், பின்கதவு, கார் நிறுத்தும் இடம் மூன்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தால் எரியும் லைட் போடுங்கள், தரையைப் பார்த்தபடி. ராத்திரி முழுக்கத் தோட்டத்தைப் பகலாக்கும் விளக்கால் பயனில்லை, வெளிச்சத்துக்கு அப்பால் இருக்கும் இருட்டு நம் கண்ணுக்கு இன்னும் இருட்டாகத்தான் தெரியும்.

இருட்டியபின் வெளியே போனால் டார்ச், கையில் ஒரு தடி, வாயில் பேச்சு. தனியாகப் போனால் பாட்டுப் பாடுங்கள், செல்போனில் ஏதாவது ஓடவிடுங்கள், எனக்குப் பாட்டு வராது, நான் கடைக்கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டே போவேன். திடீரென்று எதிர்ப்படுவதால்தான் பெரும்பாலான கரடித் தாக்குதல்கள் நடக்கின்றன. நாம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது விலகிப் போய்விடும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் அதிகாலை ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

சின்னப் பிள்ளைகளை மாலை ஐந்தரைக்கு மேல் முற்றத்தில் தனியாக விடாதீர்கள். வால்பாறையில் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிய கொடுமை வீட்டு வாசலை ஒட்டி நடந்திருக்கிறது. வெளியே கழிப்பறை இருப்பவர்கள் பாதையிலும் வாசலிலும் முதலில் விளக்குப் போடுங்கள்.

ஏழாவது: நாயும் கோழியும்

கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மலையில் நாய் வீட்டுக்குக் காவல் இல்லை, வீடுதான் நாய்க்குக் காவல். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. வராந்தாவில் சங்கிலியால் கட்டிப்போட்ட நாய்க்கு ஓடக்கூட வழியில்லை. மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை நாய் கதவுக்குள் இருக்க வேண்டும். அதன் சாப்பாட்டுத் தட்டும் உள்ளேதான். தெருநாய்களுக்கு வாசலில் சோறு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் அதைக் காலையில் வைத்து, மிச்சமில்லாமல் எடுத்துவிடுங்கள். ராத்திரி உங்கள் வாசலில் ஐந்து நாய் படுத்திருந்தால் ஆறாவதாக யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடைக்குப் போகும்போது நாயை அவிழ்த்து விடாதீர்கள். அது புதருக்குள் ஓடிக் கரடியைச் சீண்டிவிட்டு நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே கரடியும்.

கோழிக்கூண்டுக்கு நாலு பக்கம் போதாது. மேலேயும் கம்பிவலை, தரையிலும் கம்பிவலை அல்லது சிமெண்ட். மரநாய் சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடும்.

சிறுத்தை ஒன்று தட்டுப்பட்டதும் கூண்டு வைக்கச் சொல்லி ஊரே திரளும். பயம் நியாயம்தான். ஆனால் மகாராஷ்டிராவில் ஜுன்னர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் ஆராய்ந்தபோது, அதற்குப் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியிருந்தது தெரிந்தது. பழகிய இடத்திலிருந்து பிடுங்கி எறிந்தால் அது கலங்கிப்போய் அலைகிறது. ஆளைத் தாக்கும் சிறுத்தை என்றால் வனத்துறை முடிவெடுக்க வேண்டியதுதான். சும்மா கேமராவில் நடந்துபோன சிறுத்தைக்குக் கூண்டு கேட்காதீர்கள்.

எட்டாவது: நேருக்கு நேர் வந்துவிட்டால்

காட்டெருமை: நின்றுவிடுங்கள், பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். அது பக்கவாட்டில் திரும்பி உடம்பு முழுவதையும் காட்டி நின்றால் அழகுக்காக நிற்கவில்லை, "என் அளவைப் பார்த்துக்கொள்" என்று மிரட்டுகிறது. தலையைத் தாழ்த்திச் சீறினால் அடுத்தது பாய்ச்சல். பெரிய மரமோ சுவரோ காரோ நடுவில் வருகிற மாதிரி நகருங்கள். தனியாகத் திரியும் கிழக் கடாவிடமும் கன்றோடு இருக்கும் தாயிடமும் கூடுதல் தூரம் வேண்டும். பைக்கில் போகும்போது எதிர்ப்பட்டால் ஹாரன் வேண்டாம், ஆக்சிலரேட்டரை முறுக்கவும் வேண்டாம், தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் நாலு இருக்கும். பட்டாசு போட்டு விரட்டினால் அது பக்கத்து வீட்டு முற்றத்துக்குத்தான் மிரண்டு ஓடும்.

கரடி: அது பார்க்காமல் கரையான் தின்றுகொண்டிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், அது நம்மைவிட வேகம், மரமும் ஏறும். மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் போங்கள். முதுகில் குட்டியைச் சுமந்து வரும் தாயிடம் ஒரு நொடிகூட நிற்க வேண்டாம், ஓடாமல் உடனே விலகிவிடுங்கள். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கோர்த்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும்.

சிறுத்தை: இங்கேயும் ஓடக் கூடாது, மற்றபடி கரடிக்குச் செய்வதற்கு நேர்மாறு. குனியாதீர்கள், உட்காராதீர்கள், முதுகு காட்டாதீர்கள். பிள்ளை கூட இருந்தால் உடனே தூக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி, சத்தம் போட்டு, பெரிதாகத் தெரியுங்கள், அதற்கு ஓட ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். அறைக்குள்ளோ மாட்டுக் கொட்டகையிலோ புகுந்துவிட்டால் வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். கூட்டம் கூடிச் செல்போனை ஜன்னலில் நீட்டுவதால்தான் பலர் காயப்படுகிறார்கள்.

குரங்கு, தனி அத்தியாயம்

மேலே சொன்ன எல்லாமே எப்போதாவது. நாட்டுக்குரங்கு தினமும். அதற்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை, பிரிட்ஜைத் திறக்கத் தெரியும், தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து குளிக்கத் தெரியும். ஜன்னலுக்குச் சின்னக் கண் உள்ள இரும்பு வலை, தொட்டி மூடிக்குக் கம்பிக் கட்டு, சாப்பாட்டு மேஜையில் பழக்கூடை கூடாது. கையில் பை வைத்திருந்தால் பையை விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் முறைப்பதும் அதன் பாஷையில் சண்டைக்கு அழைப்பு. ஒரு வீட்டில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் தெரு முழுக்க ஆறு மாதம் அவதி. கருமந்தி (நீலகிரி மந்தி) வேறு, அது கூச்ச சுபாவம், இலையைத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். அதைப் பார்த்தால் நின்று ரசியுங்கள்.

யானை வரும் ஊர்களுக்கு

வால்பாறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலைப் பீடபூமியில் யானை இருக்கும் இடத்தை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் முறையை யானை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பும் கொண்டுவந்தார்கள். செல்போனுக்குக் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, முக்கிய இடங்களில் செல்போனால் எரியவைக்கும் சிவப்பு விளக்கு. 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி என்ற இயற்கைப் பாதுகாப்பு விருது கிடைத்தது இதற்காகத்தான். உங்கள் ஊரில் அது இல்லாவிட்டால், ஒரு வாட்ஸ்அப் குழுவில் "எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது" என்ற மூன்றை மட்டும் போடப் பழகுங்கள். குட் மார்னிங் பூங்கொத்துப் படம் போடுபவரைக் கூசாமல் நீக்குங்கள்.

அரிசி, பருப்பு, உப்பை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ரேஷன் கடைச் சுவரை யானை இடிப்பது அந்த வாசனைக்குத்தான். வீட்டுச் சுவரை உரசும் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்க அறைக்கு எல்லோரும் போய்விடுங்கள், கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

காயம்பட்டால்

குரங்கோ சிறுத்தையோ கரடியோ கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. வெறிநாய்க்கடி ஊசி கட்டாயம், ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துவிட்டுப் போனால் டாக்டர் திட்டுவார், சரியாகத்தான் திட்டுவார்.

பாம்பு என்றால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான். மலையில் தேயிலைச் செடியில் சுருண்டிருக்கும் குழிவிரியன்களுக்கு அது செய்யப்படவில்லை. அதனால் என்ன பாம்பு என்று தெரிவது டாக்டருக்கு உதவும். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் எடுங்கள், அடித்து எடுத்துப்போக வேண்டாம்.

பயிரோ கதவோ சேதமானால் எதையும் கலைக்காமல் படம் எடுத்து, அன்றே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துக் கையொப்பமிட்ட நகல் வாங்குங்கள். அந்த அலுவலக எண்ணைப் பிரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி தேடிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது

ஆள் இல்லாத வீடு கரடிக்கும் குரங்குக்கும் இரண்டே நாளில் தெரிந்துவிடும். எண்ணெய், நெய், சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், பிரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிடுங்கள், பூஜை அலமாரியில் இருக்கும் எண்ணெய்ப் பாட்டிலை மறக்காதீர்கள், நான் மறந்தேன். தொட்டி மூடி, ஜன்னல் வலை, கிரில் கதவு மூன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். வெளிக் கேட்டை மட்டும் திறந்தே வையுங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து சுவரைத் தாண்டி உள்ளே குதித்துவிடும் காட்டெருமைக்கு மறுபடி வெளியே போக வழி தெரியாது, கேட் பூட்டியிருந்தால் சுற்றிச் சுற்றி வந்து காரையும் சுவரையும் நொறுக்கும். திரும்பி வரும்போது வெளிச்சம் இருக்கும்போதே வந்துசேர்கிற மாதிரி பஸ்ஸைப் பிடியுங்கள். அப்படி முடியவில்லையென்றால் ஆட்டோக்காரரிடம் கூட இருபது ரூபாய் கொடுத்து, கதவைத் திறந்து உள்ளே லைட் போடும் வரை ஹெட்லைட்டை அணைக்காமல் வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.